மோட்டார் வித்தையும் நம் மரபின் இளைஞரும்

(கூரத்தில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோட்டார் வாகனத் தொழில்நுட்பராவதற்கு வேண்டிய பயிற்சி யாது, திறமை யாது என்னும் விஷயம் பற்றிச் சில மொழிகள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இவ்விஷயத்தைப் பேசுதற்குக் கூரத்தினும் தகுதியான ஊர் நம்மவர்க்கு வேறில்லை என்பது என் கருத்து. வைணவப் பெரியோர் இவ்வூரைக் கூரத்தாழ்வான் அவதரித்த தலம் எனப் போற்றுவர். சரித்திரம் கற்றோர் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு கிடைத்த ஊர் என நினைவு கூர்வர். அச்செப்பேட்டில் எழுத்து வெட்டப்பட்டுச் சற்றேறக்குறைய 1,300 ஆண்டுகள் ஆயின. இன்றும் அதைப் படிக்க முடிகிறது. மன்னன் பெயரை நாம் அறிவோம். செப்புத் தகட்டில் உளி பிடித்த கையின் பெருமையை யாரும் பேசுவதில்லை. நம்மவராவது பேசலாமன்றோ?

இவ்வூரினின்று சென்ற நடராசர் செப்புத் திருமேனியொன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழங்காலை உயர்த்தி ஆடும் கோலம். பல்லவர் காலத்து இறுதியென்றும் முற்சோழர் காலமென்றும் அறிஞர் அதன் காலத்தைப் பலவாறு கூறுவர். அது வார்க்கப்பட்ட முறை நம்மவர் அனைவரும் அறிந்ததே. முதலில் மெழுகினால் உருவம் சமைத்து, அதன்மேல் மண் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பது அம்முறை. இம்முறை பழங்கதையாய்ப் போய்விட்டது என்று நினைப்பவர் நம்முள் பலர். நிகழ்காலத்து டீசல் லாரியின் எஞ்சினில் டர்போ என்றொரு கருவி உளது. புகைபோக்கி வழியே பாயும் வெந்த வாயுவினால் சுழலும் சிறு சக்கரமொன்று அதனுள் இருக்கும்; நிமிஷத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழலவல்லது. நிக்கல் கலந்த உலோகத்தால் ஆன அச்சக்கரத்தை இன்றும் மெழுகு உருவம் சமைத்தே வார்க்கிறார்கள். கூரத்து நடராசரை வார்த்த வித்தையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே.

இன்னுமோர் உதாரணம் கூறுவேன். மாட்டுவண்டிச் சக்கரம் செய்வதைக் கண்ட முதியோர் இச்சபையில் பலர் உளர். தச்சர் குடத்தைக் கடைந்து, ஆரக்கால்களைத் தைத்து, வட்டைகளைப் பொருத்தி முடித்தபின், சக்கரம் கொல்லர் கைக்கு வரும். இரும்புப் பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவினும் சிறிது குறைவாக வளைத்து ஒட்டுவர். வரட்டி அடுக்கி அதைச் சுட்டுச் சிவக்க வைப்பர். சூட்டில் விரிந்த பட்டாவை நான்கு பேர் குறட்டால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே நீர் ஊற்றுவர். பட்டா சுருங்கி, மரம் முழுவதையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆணி மிகுதியாய் வேண்டுவதில்லை. மோட்டார் எஞ்சினின் பின்புறத்தே பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் ஒன்றுண்டு. அதன் விளிம்பில் உள்ள பல்வளையத்தைச் சூடாக்கி விரித்துப் பிளைவீலின்மேல் இறக்கி ஆறவிட்டே பூட்டுகிறார்கள். வரட்டிக்குப் பதில் மின்சார அடுப்பு. கண்மதிப்புக்குப் பதில் வெப்பமானி. வேறுபாடு அவ்வளவே.

இவற்றைக் கேட்டு மகிழ்ந்து, “அப்படியாயின் மோட்டார் வித்தை நம் இரத்தத்திலேயே ஊறியது; நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி எதற்கு?” என்று யாரேனும் எண்ணுவராயின், அவ்வெண்ணத்தை நீக்குவதற்காகவே நான் இன்று பேச வந்துள்ளேன். வித்தை இரத்தத்தில் ஊறுவதில்லை, அப்பியாசத்தில் ஊறுவது. ஒரு கொல்லர் மகன் ஏழாம் வயது முதல் துருத்தி ஊதினான், பன்னிரண்டில் சுத்தியல் பிடித்தான், இருபதில் தொழிலாளியானான் என்றால், பதின்மூன்றாண்டுப் பயிற்சி அவன் பெற்றான் என்பதே பொருள். அப்பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் என்ற பெயர் இல்லாமையால் அதைப் பிறவிக்குணம் என்று எண்ணிவிட்டோம். உலைக்களம் அணைந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பதின்மூன்றாண்டும் எங்கிருந்து வரும்?

காலத்தோடு மாறினவன் பிழைத்தான் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சிம்ப்சன் கம்பெனி 1840ஆம் ஆண்டு குதிரை வண்டிகள் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. 1903இல் அங்கே நீராவியால் ஓடும் கார் ஒன்று செய்யப்பட்டது. பின்னர் பஸ்களுக்குக் கூண்டு கட்டினர்; எஞ்சின் செய்யும் தொழிலிலும் இறங்கினர். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய பஸ் தொழில் பல ஆலைகளாய்ப் பெருகியது. நமது கிராமத்து வண்டிப் பட்டறைகளோ, டயர் பூட்டிய வண்டி வந்தபோது பாதியும், டிராக்டர் வந்தபோது மீதியுமாக மூடப்பட்டன. கைத்திறத்தில் நாம் யாருக்கும் குறைந்தவரல்லோம். புதியதைக் கற்கும் ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை.

இப்பொழுது மோட்டார் வண்டியின் நிலை யாது என்பதைப் பார்ப்போம். முப்பதாண்டுக்கு முன் நல்ல மெக்கானிக் என்றால் காதுடையவன் என்று பொருள். எஞ்சின் ஓசையைக் கேட்டே வால்வு தளர்ந்ததா, பேரிங் போயிற்றா என்று சொல்வான். கார்புரேட்டரில் ஒரு திருகைக் கால் சுற்று திருப்பி வண்டியைச் சீராக்குவான். அத்தகையோரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஆறாம் நிலைப் புகைக் கட்டுப்பாடு தேசமெங்கும் அமலுக்கு வந்தபின், இருசக்கர வண்டி முதலாக எல்லாவற்றிலும் எரிபொருளை அளந்து பாய்ச்சுவது ஒரு சிறு கம்ப்யூட்டர். காற்றின் அளவு, நீரின் சூடு, புகையில் எஞ்சிய பிராணவாயு இவற்றை அறியும் சென்சார்கள் பல. திருப்புவதற்குத் திருகு இல்லை. ஸ்கேனரைப் பூட்டினால் பி0300 என்பதுபோல் ஒரு குறி தோன்றும். எஞ்சினின் சிலிண்டர்களில் எரிதல் ஒழுங்காக நிகழவில்லை என்று மட்டுமே அக்குறி கூறும். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, காற்றுக் கசிவா என்று அது கூறாது. அதைத் தேடிக் கண்டறிவது மனிதன் வேலை. ஸ்கேனர் வாங்கினவனெல்லாம் மெக்கானிக் ஆகிவிடுவதில்லை; பஞ்சாங்கம் வாங்கினவன் சோதிடன் ஆகாதது போல.

இத்தேடுதலே இத்தொழிலின் உயிர். எளிய சங்கதியொன்றைச் சொல்லி விளக்குகிறேன். ஒரு கார் காலையில் கிளம்பவில்லை. செல்ப் மோட்டார் முனகி நின்றுவிடுகிறது. பயிற்சியற்றவன் பாட்டரியை மாற்றுவான். இரண்டு நாளில் அதே குறை. செல்ப் மோட்டாரைக் கழற்றிப் புதியது பூட்டுவான். வண்டிக்காரருக்குப் பல ஆயிரம் செலவு, குறை தீரவில்லை. பயிற்சி பெற்றவன் முதலில் மல்டிமீட்டரை எடுப்பான். ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று பார்ப்பான். பிறகு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, அந்நேரத்தில் பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளப்பான். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமாயின் எர்த் கம்பியின் நுனி துருவேறிக் கிடக்கிறது என்பது திண்ணம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் வேலை முடிந்தது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இவ்வளவுக்கும் அவன் அறிந்திருக்க வேண்டியது யாது? பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தில் வரும் ஓமின் விதி ஒன்றே. அது பரீட்சைக்காக மட்டும் உருப்போடும் சங்கதியன்று என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மற்றொன்று உயிரைப் பற்றியது. பிரேக் ஆயில் என்று நாம் வழங்கும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. புதிதாயிருக்கையில் மூன்றாம் தரத் திரவம் 205 பாகை செல்சியஸ் சூட்டிலும், நான்காம் தரம் 230 பாகையிலும் தான் கொதிக்கும். நீர் சேரச் சேரக் கொதிநிலை தாழ்ந்துவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மேலிருந்து இறங்கும் வண்டியில் பிரேக்கை ஓயாது மிதித்தால் சக்கரத்தருகே திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும். ஆவி அமுங்கிப் போகும். பெடல் தரைமட்டும் செல்லும், வண்டி நிற்காது. குறையும் திரவத்தை ஊற்றி நிரப்புவது மட்டுமே வேலையென்று எண்ணுகிறவனுக்கும், இரண்டாண்டுக்கொரு முறை பழையதை முற்றும் வடித்துப் புதியது ஏற்றவேண்டும் என்று காரணம் அறிந்து செய்கிறவனுக்கும் உள்ள வேற்றுமை, ஒரு குடும்பம் வீடு திரும்புவதா இல்லையா என்பதாகும். வண்டிக்குச் சொந்தக்காரர் இதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. நம்பிக்கையின்பேரில் விட்டுச் செல்கிறார்.

அளவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் முன்னோர் நூல் பிடித்தனர், விரற்கடை பார்த்தனர், தங்கத்தைக் குன்றிமணியால் நிறுத்தனர். அளவில் நாம் என்றும் கண்டிப்பானவர்களே. மோட்டார் வேலையில் அக்கண்டிப்பு இன்னும் நுண்ணியது. வெர்னியர் காலிபர் ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கிக் காட்டும். மைக்ரோமீட்டர் நூறு கூறாக்கும். டீசல் இன்ஜெக்டரின் ஊசிக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. தலைமயிரின் தடிப்போ சற்றேறக்குறைய 70 மைக்ரான். அத்தகைய பாகத்தைச் சாக்குத்துணியால் துடைத்து மேசைமேல் வைப்பவன், அறியாமலேயே அதைக் கெடுத்தவனாகிறான். அவ்வாறே போல்ட் இறுக்குதலும். “கைக்குத் தெரியும்” என்று நம்மவர் சொல்வதுண்டு. கைக்குத் தெரியும் என்பது உண்மையே; ஆனால் காலையில் தெரிவதும் களைத்த மாலையில் தெரிவதும் ஒன்றாயிராது. சிலிண்டர் தலையின் போல்ட்டுகளைக் கைப்புத்தகத்தில் சொன்ன வரிசையில், சொன்ன அளவில், டார்க் ரெஞ்சு கொண்டு இறுக்காவிடின் தலை கோணும், கேஸ்கெட் ஊதும்.

பயிற்சியின்றிக் கை வைத்தலாகாத இடங்கள் சில உள. இக்காலத்து டீசல் எஞ்சினில் எரிபொருள் ஓடும் குழாயில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை செல்லும். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. பழைய பழக்கத்தில் உள்ளங்கையை வைத்துக் கசிவைத் தேடினால், கண்ணுக்குத் தெரியாத தாரை தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். மேலே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே விரலையே இழக்கும் ஆபத்து. மின்சாரக் கார்களில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் ஓடுகிறது. அவற்றைத் தொடுமுன் வண்டியை அணைத்து, மின்காப்புக் கையுறை அணிந்து, பாட்டரியின் இணைப்புச் சாவியைப் பிடுங்கி, கம்பெனி கூறிய நிமிஷங்கள் காத்திருந்து, மீட்டர் சுழி காட்டுவதைக் கண்ட பின்னரே ஸ்பேனரை எடுக்க வேண்டும். இவ்வரிசையில் ஒன்று தவறினாலும் இரண்டாம் முறை கற்றுக்கொள்ளச் சந்தர்ப்பம் வாய்க்காமற் போகலாம்.

இனிப் பயிற்சிக்கு வழி யாது என்பதைக் கூறுவேன்.

சுதந்திரம் அடைந்தபின் 1950இல் மத்திய அரசு தொழிலாளர் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தது. அதன் வழியே வந்தவையே இன்று ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள். பத்தாம் வகுப்பில் தேறியவர் அங்கே மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டாண்டு, அல்லது டீசல் மெக்கானிக் பிரிவில் ஓராண்டு பயிலலாம். பிட்டர், டர்னர், மெஷினிஸ்டு ஆகிய இரண்டாண்டுப் பிரிவுகளும் மோட்டார் ஆலைகளுக்கு மிக வேண்டியவை. மின்சார வாகன மெக்கானிக் என்னும் புதுப் பிரிவும் சேர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் அரத்தையும் இரும்பையும் விட்டு நகரவிடமாட்டார்கள். பிள்ளைகள் சலித்துக்கொள்வர். ஓர் இரும்புத் துண்டை நான்கு பக்கமும் சதுரமாய் அராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது ஒளி கசியாதிருக்கச் செய்வதற்குள் மாணாக்கனுக்குக் கைப்பழக்கமும் பொறுமையும் ஒருங்கே வந்துவிடும். நான் பல்லாண்டு பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் ஆதலின் இதை உறுதியாய்ச் சொல்வேன்: அரம் பிடிக்கச் சலிக்காதவன் பிற்காலத்தில் எந்த யந்திரத்துக்கும் சலிப்பதில்லை.

அரசு நிலையங்களில் போதனைக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சீருடை, மிதிவண்டி, பஸ் பாஸ் முதலியனவும் அளித்து வந்திருக்கின்றனர். அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு 2022இலும் ஆண்களுக்கு 2024இலும் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களில் ஐ.டி.ஐ. மாணாக்கரும் அடங்குவர். 2022இல் தமிழக அரசு 71 அரசு நிலையங்களைப் புதுயுக யந்திரங்களோடு மேம்படுத்த டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்தது. அத்தகைய நவீனக் கூடம் ஒன்று ஒரகடத்து ஐ.டி.ஐ.யிலும் அமைந்துள்ளது, ஒரகடமோ நமது ஜில்லாவிலேயே உளது.

இவ்வளவு வசதியிருந்தும் நம்மவர் வீடுகளில் ஐ.டி.ஐ. என்றாலே முகம் சுளிக்கிறார்கள். “மார்க்கு வராத பிள்ளை போகுமிடம்” என்கிறார்கள். கடன்பட்டுப் பிள்ளையை ஏதோவொரு பட்டப் படிப்பில் சேர்த்து, நான்காண்டு கழித்து ஆலை வாசலில் விண்ணப்பத்தோடு நிற்க வைப்பதைக் கௌரவமென்று கருதுகிறார்கள். ஐ.டி.ஐ. படிப்பு ஒரு முட்டுச்சந்து அன்று. இரண்டாண்டுப் பிரிவில் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1949இல் சி. இராஜம் அவர்கள் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடக்கந்தொட்டே போதிக்கப்பட்ட படிப்புகளில் ஆட்டோமொபைல் எஞ்சினீயரிங் ஒன்று. அரம் பிடித்துத் தொடங்கிய பிள்ளை அத்தகைய கூடத்தின் வாயில்வரை ஏறிச்செல்லும் படிகள் இன்று உள்ளன என்பதே நான் கூறவருவது.

பயிற்சி நிலையத்தை விட்டதும் செய்ய வேண்டுவது அப்ரண்டீஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டப்படியும் அதன் விதிகளின்படியும், 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை அப்ரண்டீஸ்களை எடுக்கக் கடமைப்பட்டது. உதவித்தொகை உண்டு. முடிவில் பரீட்சையில் தேறினால் தேசிய அப்ரண்டீஸ் சான்றிதழ் கிடைக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. ராயல் என்பீல்டும் அங்கே உளது. இவற்றைச் சூழ உதிரிப்பாகம் செய்யும் சிற்றாலைகள் எண்ணிறந்தன. காஞ்சிபுரத்துச் சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் கம்பெனி பஸ்கள் வந்து செல்வதை நாம் நாடோறும் காண்கிறோம்.

இங்கே பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. “டிரெயினி” என்று பெயரிட்டு, சட்டப்படி பதிவு செய்யாமல், இரண்டாண்டு மூன்றாண்டு ஒரே வேலையில் நிறுத்தி வைத்துப் பின் அனுப்பிவிடும் வழக்கமும் சில இடங்களில் உளது. ஏஜெண்டு மூலம் ஆளெடுப்பதும் உண்டு. கையெழுத்திடுமுன் இது பதிவு பெற்ற அப்ரண்டீஸ் ஒப்பந்தமா, முடிவில் சான்றிதழ் உண்டா, எந்தெந்தப் பிரிவுகளில் சுழற்சியாய்க் கற்பிப்பர் என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு வாருங்கள். மறைமலைநகரில் இருபதாண்டுக்கு மேல் கார் செய்த போர்டு கம்பெனி 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. ஒரு பெரிய ஆலையே நிற்கும்போது, ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை இறுக்கியவன் அடுத்த ஆலையில் காட்டுவதற்கு என்ன இருக்கும்? தொழில் முழுதும் கற்று, அதற்குச் சான்றும் உடையவனுக்கு ஆலை மாறும், தொழில் மாறாது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நம்மவர் குடும்பங்களில் எட்டு, ஒன்பதாம் வகுப்போடு பிள்ளையை நிறுத்தி, “மேஸ்திரி நம்ம ஆள்தான், பார்த்துக்கொள்வார்” என்று சாலையோரப் பட்டறையில் விட்டுவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்பிள்ளை முதலிரண்டாண்டு டீ வாங்கி வருவான், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், டயர் உருட்டுவான். கற்பது கண் பார்த்ததும் காது கேட்டதும் மட்டுமே. ஏன் என்று கேட்டால் அதட்டல். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலையில் அமர்த்துதல் சட்ட விரோதமும் ஆகும். இருபத்தைந்து வயதில் அவன் கை தேர்ந்திருப்பான். ஆனால் கைப்புத்தகம் படிக்கத் தெரியாது, மின்சுற்றுப் படம் புரியாது, காட்டுவதற்குக் காகிதம் ஒன்றும் இராது. அவனினும் கைத்திறம் குறைந்த ஒருவன் சான்றிதழோடு வந்து கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் சம்பளத்துக்கு அமர்வதை அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவனிடம் குற்றமில்லை; அனுப்பியவர்களிடம் உளது.

அவ்வாறு ஏற்கெனவே பட்டறையில் காலம் கழித்த இளைஞர்களும் மனம் தளர வேண்டா. வயதும் அனுபவமும் குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராய் எழுத வழியுண்டு. ஆண்டுதோறும் அதற்கு அறிவிப்பு வரும். அனுபவத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் அரசாங்கத் திட்டமும் உளது. ஆறு மாதம் இரவில் விளக்கு வைத்துப் படித்தால் தேறிவிடலாம். கை ஏற்கெனவே அறிந்ததற்குப் பெயரும் காரணமும் கற்பதே அப்படிப்பு.

குலத்தொழில் என்னும் சொல்லைப் பற்றியும் நம் சங்கம் தெளிவாயிருத்தல் நலம். 1953இல் இராஜாஜி மந்திரிசபை, பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கும்படி ஒரு திட்டம் கொணர்ந்தது. எதிர்ப்பு வலுத்து 1954இல் அது கைவிடப்பட்டது. 2023இல் மத்திய அரசு விசுவகர்மர் பெயராலேயே கைவினைஞர் திட்டமொன்றைத் தொடங்கியது. பரம்பரைத் தொழில் என்னும் நிபந்தனை கூடாதென்றும், குறைந்த வயது 35 ஆக வேண்டுமென்றும் கூறித் தமிழக அரசு அதை ஏற்கவில்லை. 2025இல் குன்றத்தூரில் வேறொரு கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அரசியல் விவாதத்துள் நான் புகவில்லை. தொழில் செய்து வரும் நடுவயதினர் எத்திட்டத்தில் உதவி கிடைத்தாலும் பெற்றுக்கொள்ளட்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையை மட்டும் குலத்தின் பேரால் கட்டிப்போட வேண்டா. நம் பிள்ளை மருத்துவம் படித்தாலும் மகிழ்வோம். பிற வகுப்புப் பிள்ளை மோட்டார் வித்தையில் நம்மை வென்றாலும் அவனிடம் கற்போம். பயிற்சிக் கூடத்தில் அராவிய இரும்பின் மூலைமட்டம் சாதி பார்ப்பதில்லை.

பெண்மக்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஓசூரில் அசோக் லேலண்டு கம்பெனியார் முற்றிலும் பெண்களே எஞ்சின் செய்யும் பிரிவொன்றை 2023இல் அமைத்தனர். கண்ணளவும் பொறுமையும் வேண்டிய மின்சுற்றுச் சோதனை, அளவை சோதித்தல் முதலிய வேலைகளில் பெண்கள் எவர்க்கும் குறைந்தவரல்லர். நகை வேலையில் நுண்ணிய கம்பி இழுக்கும் நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு மொழி. பத்தாம் வகுப்பில் கணக்கையும் விஞ்ஞானத்தையும் கைவிடாதீர்கள். ஆங்கிலத்தை அஞ்சாதீர்கள், பேச வராவிடினும் குற்றமில்லை, கைப்புத்தகத்தைப் படித்துப் பொருள் கொள்ளும் அளவு வேண்டும். தமிழில் பொருள் எழுதிய சொற்பட்டியல் ஒன்றை ஒவ்வொருவரும் தம் கையால் எழுதி வைத்துக்கொள்ளலாம். நூறு சொற்களுக்குள் பெரும்பாலான பக்கங்கள் அடங்கிவிடும். படம் வரையப் பழகுங்கள். சிற்பி வரைந்து பார்க்காமல் கல்லில் உளி வைப்பதில்லை.

சேர்க்கை விண்ணப்பங்கள் பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்ததை ஒட்டி, மே, ஜூன் மாதங்களில் இணையத்தின் வழியே பெறப்படும். எந்த நிலையத்தில் எந்தப் பிரிவுகள் உள என்பதை அவ்வாண்டு வெளியாகும் விவரக் குறிப்பில் பார்த்து, விருப்ப வரிசையைச் சிந்தித்துப் போட வேண்டும். அவசரத்தில் முதலில் கண்ட பிரிவைப் போட்டுவிட்டுப் பின் வருந்துவோர் பலர். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, புகைப்படம் இவற்றை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் சங்கக் கட்டிடத்துக்கு வருவோர்க்கு விண்ணப்பம் எழுதித் தர நம் இளைஞர் இருவர் இசைந்துள்ளனர். கூரத்தினின்றும் அயலூர்களினின்றும் வரும் பிள்ளைகள் தம் தாய் தந்தையரில் ஒருவரையாவது உடன் அழைத்து வருக. அப்ரண்டீஸ் ஒப்பந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டி விளக்கம் கேட்போர்க்கு அன்றைய தினம் நானும் அங்கே இருப்பேன்.